உழவர் பாட்டனார் நம்மாழ்வார்

(பெக்கோக் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, விடுமுறை ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். அது முறையும்கூட. ஆனால் இன்று ஓர் உழவரைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறீர்கள். அவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். ரப்பர் மரத்தில் உளி வைத்தவரும் அல்லர். தஞ்சைத் தரணியில் பிறந்து, எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2013ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மறைந்தவர். கோ. நம்மாழ்வார் என்பது அவர் பெயர். வெண்தாடியும், பச்சைத் தலைப்பாகையும், சட்டையணியாத மேனியுமாகத் தமிழ்நாட்டின் ஊர் ஊராக நடந்தவர். பெரியவர்கள் அவரை 'ஐயா' என்றார்கள். பிள்ளைகள் 'தாத்தா' என்றார்கள்.

தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் இவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். நம் பாட்டன்மார் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் அதற்கு விடை கிடைத்துவிடும்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது நம் பாட்டன்மாருக்குப் பால்வெட்டத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஏர் பிடிக்க, வரப்பு வெட்ட, நாற்று நட, மாடு மேய்க்க. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மண்ணில் உழைத்தவர்கள். அவர்களிலும் பலர் சொந்த நிலமின்றிப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆள் சேர்ப்பதைத் தடுத்து நிறுத்தும் வரையில் அந்த வரவு ஏறியும் இறங்கியும் நடந்தே வந்தது. அந்த 1938ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் 6ஆம் நாள், திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காடு என்னும் சிற்றூரில் நம்மாழ்வார் பிறந்தார். நம் முன்னோர் எந்த மண்ணை விட்டு வந்தார்களோ, அந்த மண்ணிலேயே தங்கி, அந்த மண்ணுக்காகவே வாழ்ந்து முடித்தவர் அவர். ஆகவே அவரை நினைப்பது நம் வீட்டுப் பாட்டனாரை நினைப்பதற்கு ஒப்பாகும்.

தோழர்களே, அவர் வாழ்க்கையைச் சற்றுச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

உழவர் குடும்பத்தில் பிறந்த நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை படித்துப் பட்டம் பெற்றார். 1963ஆம் ஆண்டில் கோவில்பட்டியிலிருந்த அரசாங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். கோவில்பட்டி கரிசல் பூமி. ஆற்றுப் பாசனம் கிடையாது. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் பட்டினி. அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் பயிரிடுவோர் கையில் காசு இல்லாத ஏழை உழவர்கள். ஆராய்ச்சி நிலையத்திலோ, விலை கொடுத்து வாங்கும் வீரிய விதை, இரசாயன உரம், பூச்சி மருந்து ஆகியவற்றை எந்த அளவில் போட்டால் எவ்வளவு விளையும் என்று சோதனை நடந்தது. மழையையே நம்பியிருக்கும் ஏழைக்கு இந்தச் செலவு தாங்குமா என்ற கேள்வி நம்மாழ்வாருக்கு எழுந்தது. ஆராய்ச்சியின் போக்கையே மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். உடனிருந்தவர்கள் செவிசாய்க்கவில்லை. 1969ஆம் ஆண்டில் வேலையை விட்டு வெளியேறினார்.

அரசாங்க வேலை என்றால் மாதச் சம்பளம், மரியாதை, ஓய்வூதியம் மூன்றும் உண்டு. எங்களைப் போன்ற கிராணிமார்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். மேசையும் நாற்காலியும் கிடைத்துவிட்டால் வெயிலில் நிற்பவனின் பேச்சு காதில் விழுவது அரிது. அந்த மனிதர் மேசையை விட்டெழுந்து வெயிலில் நிற்பவனிடம் போய், 'உனக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேட்கும் நிலைக்கு வந்தார். படித்தவர்கள் எழுத்தறியாதவர்களுக்குப் பாடம் சொல்லப் போவதை நாம் எங்கும் காண்கிறோம். பாடம் கேட்கப் போனவர்கள் மிகச் சிலரே.

அதன்பின் திருநெல்வேலி ஜில்லா களக்காட்டு வட்டாரத்தில் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1958ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜியப் பாதிரியார் டொமினிக் பியர் நிறுவிய 'அமைதித் தீவு' என்னும் தொண்டு நிறுவனத்தின் சார்பில் அந்த வேலை நடந்தது. அங்கேதான் அவருக்கு ஓர் உண்மை உறுதிப்பட்டது. உழவன் தன் நிலத்துக்கு வேண்டியவற்றை வெளியிலிருந்து எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக வாங்குகிறானோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் நிமிர்ந்து நிற்பான் என்பதே அது. 1979ஆம் ஆண்டில் 'குடும்பம்' என்னும் அமைப்பைத் தோழர்களுடன் தொடங்கினார். புதுக்கோட்டை ஜில்லாவில் கொழிஞ்சிப் பண்ணையும், கரூர் ஜில்லாவில் கடவூரை அடுத்த சுருமான்பட்டியில் 'வானகம்' என்னும் பண்ணையும் எழுந்தன. காய்ந்து கிடந்த பாறை நிலத்தை மரமும் பயிருமாக்கி, அங்கு வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2007ஆம் ஆண்டில் காந்திகிராம கிராமியப் பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டம் வந்தபின்னும் அவர் உடையும் மாறவில்லை, நடையும் மாறவில்லை.

அவர் கற்றுக் கொடுத்தது புதிய சங்கதியா? இல்லை. நம் முன்னோரின் பழமொழி ஒன்றை அவர் மேடைதோறும் எடுத்துச் சொல்வார்: 'நுனி வீட்டுக்கு, நடு மாட்டுக்கு, அடி காட்டுக்கு.' கதிரை மனிதன் எடுத்துக்கொள்ள வேண்டும். வைக்கோலை மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். வேரும் தாளும் மண்ணுக்கே திரும்ப வேண்டும். மாட்டின் சாணமும் மண்ணுக்கே போகும். மண்ணை வெயிலில் காயவிடாமல் தழையாலும் சருகாலும் மூடி வைத்தால், உள்ளே மண்புழு வேலை செய்யும், ஈரம் நிற்கும். ஒரே பயிரை நடாமல் பல பயிரைக் கலந்து நட்டால், ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும். இவ்வளவுதான் சாரம்.

இதில் சந்தேகமிருப்போர் நம் தோட்டத்தையே பார்க்கலாம். இந்நாட்டில் ரப்பர் நட்ட தொடக்க காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டியெடுப்பதே நல்ல பராமரிப்பு என்று துரைமார் நினைத்தார்கள். நம் பாட்டிமார் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி நிலத்தைத் துடைத்து வைத்தார்கள். விளைவு என்ன? மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஆற்றில் போட்டது. பிறகே ஆராய்ச்சியாளர் விழித்துக்கொண்டு, கன்று நடும்போது அவரையினத்துக் கொடிகளைப் படரவிட வேண்டும் என்றார்கள். அக்கொடி மண்ணை மூடிக் காக்கிறது. வேர் வழியே தழைச்சத்தையும் சேர்க்கிறது. மறுநடவு நடக்கும் தோட்டங்களில் இன்றும் அதைக் காணலாம். கோடிக்கணக்கான மூலதனம் போட்ட தோட்டக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, கோவணம் கட்டிய உழவன் முன்னமே அறிந்திருந்தான்.

1960களில் வந்த பசுமைப் புரட்சியை நாம் வாய்க்கு வந்தபடி பழிக்க வேண்டியதில்லை. 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் இரகங்களால் விளைச்சல் பெருகிற்று. பஞ்ச பயம் குறைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த நெல்லுக்கு உரம் வேண்டும். உரம் போட்டால் பூச்சி வரும். பூச்சிக்கு மருந்து வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணத்துக்குக் கடன் வேண்டும். விதையைக் குதிரில் வைத்திருந்தவன் விதைக்கும் கடைவாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

நம் தோட்டத்துப் பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். சம்பள நாளன்று கையில் வாங்கிய காசு, பற்றுப் புத்தகத்துக்கே சரியாகிவிடும். மறுநாளே புதுப் பற்று ஆரம்பம். 'அரிசி எங்கள் கடையில், கடன் எங்கள் புத்தகத்தில்' என்ற நிலையில் இருந்தவன் எப்படித் துரையை நிமிர்ந்து பார்ப்பான்? தமிழ்நாட்டு உழவனுக்கு உரக்கடை; நமக்கு மளிகைக் கடை. இரண்டு பற்றும் ஒரே பற்றுதான். இந்த முடிச்சை அவிழ்க்கவே நம்மாழ்வார் நாற்பதாண்டுக்கு மேல் பாடுபட்டார். உலகத்தில் அவர் தனியாளும் அல்லர். ஜப்பானில் மசானபு ஃபுகுவோகா என்பவரும் அரசாங்கத்தில் பயிர் ஆராய்ச்சி வேலையிலிருந்து விலகி, தகப்பனார் நிலத்துக்குத் திரும்பி, உழாமலும் உரமிடாமலும் நெல் விளைவித்துக் காட்டினார். அமெரிக்காவில் ராக்கேல் கார்சன் என்னும் அம்மையார் 1962ஆம் ஆண்டிலேயே பூச்சி மருந்தின் கேட்டைப் பற்றி நூலெழுதி எச்சரித்தார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாகப்பட்டினத்து வயல்களில் உப்புநீர் ஏறியது. இனி இந்த நிலம் எத்தனையோ ஆண்டுகளுக்கு விளையாது என்று பலர் கைவிட்டார்கள். நம்மாழ்வார் உழவர்களைத் திரட்டினார். மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடியவிட்டு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து மடக்கி உழுது, நிலத்தைத் திரும்ப விளைய வைத்தார்கள். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடித் திரட்டும் பணியையும் ஊக்கினார். அப்பணியைத் தலைமேற்கொண்ட நெல் ஜெயராமன், 170க்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளை மீட்டெடுத்து உழவரிடம் சேர்த்துவிட்டு, 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் காலமானார்.

முடிவில் நம்மாழ்வார் நின்றது போராட்டக் களத்தில். காவிரிப் படுகையில் நிலத்தைத் துளைத்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, எழுபத்தைந்து வயதில் ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தப் பயணத்தின் நடுவே பட்டுக்கோட்டையை அடுத்த பிச்சினிக்காட்டில் உயிர் நீத்தார். வானகத்து மண்ணிலே அவர் உடல் விதைக்கப்பட்டது. ஆம், புதைக்கப்பட்டது என்று அவர் தோழர்கள் சொல்வதில்லை. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றியது. 2023ஆம் ஆண்டில் இயற்கை வேளாண்மைக்கு அவர் பெயரால் விருதும் அறிவித்தது. உயிரோடிருந்தபோது பேச்சைக் கேட்கத் தயங்கியவர்கள், மறைந்தபின் பெயரைச் சூட்டுகிறார்கள். உலக வழக்கம் இதுதானே!

உழவர் என்றதும் ஆணை மட்டும் நினைத்துவிடக் கூடாது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்னும் மூதாட்டி, நூறு வயதைக் கடந்தும் தம் நிலத்தில் இறங்கி இயற்கை முறையில் பயிர் செய்துவந்தார். 2021ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அவரும் மறைந்தார். நம் தாய்மார்கள் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தோழர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பாட்டனார் இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். சின்னஞ்சிறு வயதில் தகப்பனாரோடு சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். தொண்ணூறு வயதுக்கு மேல் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்து, கஞ்சி குடித்த கையோடு லயத்துப் பின்புறத்துக்குப் போய்விடுவார். வேலியோரம் அகத்தியும் முருங்கையும், பந்தலில் பாகலும் புடலும், வாய்க்காலோரம் சேம்பும் வாழையும், மேட்டில் மரவள்ளி. சாம்பலும் சாணமும் தவிர வேறெதையும் அவர் போட்டதில்லை. அந்த ஆண்டு விதையில் முதல் தரமானதைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், 'விளைந்ததும் எனக்கு ஒரு கை விதை கொடு' என்பதுதான் அவர் கேட்ட விலை.

ஜப்பான்காரன் காலத்தில் அந்த அறிவுதான் உயிர் காத்தது. 1942 முதல் 1945 வரையில் வெளிநாட்டு அரிசி வரவில்லை. ரப்பர் வாங்க ஆளில்லை. ஆகவே சம்பளமும் இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் ஆயிரமாயிரம் பேர். எஞ்சி நின்றவர்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் கீரையையும் தின்று பிழைத்தார்கள். பால்வெட்டுத் திறமை அந்த நாளில் ஒரு பிடி சோறு போடவில்லை. கிழங்கு நடத் தெரிந்த கைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இதை எங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வீட்டைக் காலி செய்யும்படி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை என்பது கணக்கு. அவர் ஒன்றும் பேசவில்லை. சுரைக்குடுக்கைகளைச் சாக்கில் கட்டினார். அவர் நட்ட முருங்கை அப்போது கூரைக்கு மேல் வளர்ந்து காய்த்துத் தொங்கியது. மரத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? பிற்பாடு லயமும் இடிபட்டது. அந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தாம் பதப்படுத்திய மண்ணில் ஒரு சாண்கூடத் தம்முடையதல்ல என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் அறிந்தே இருந்தார். அறிந்திருந்தும் அதைப் பண்படுத்தினார். அதுதான் உழவன் குணம். ஆனால் அந்தக் குணத்தை மெச்சிவிட்டு, அந்த அநியாயத்தை மறந்துவிடலாமா?

நிலம் கேட்பது நமக்குப் புதிய கோரிக்கை அல்ல. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மலாய்க் கூட்டரசு நாடுகளின் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றிருந்தது. பதினாறில் ஒன்றை நம் பெரியவர்கள் வீசம் என்பார்கள். வீசம் ஏக்கர் என்றால் ஆறேகால் சென்ட். அதுவும் சொந்தமாக அல்ல, குடியிருக்கும் மட்டும். 1950களின் பிற்பகுதியில் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அந்த வீசத்துக்கும் ஆபத்து வந்தது. அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாகித் திரு. பி. பி. நாராயணன் தலைமையில் சம்பளத்துக்குப் போராடியதும், கூட்டுறவு மூலம் நிலத்துக்கு முயன்றதும் ஒரே வேட்கையின் இரண்டு கைகள்.

இனி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் நம்மாழ்வாரை நினைத்துப் பயனில்லை.

தமிழ்நாட்டு உழவன் தன் வயலில் தானே மருந்தடிக்கிறான். வேண்டாமென்று நினைத்தால் நிறுத்தலாம். நம் தோட்டத்தில் மருந்தை முடிவு செய்பவர் ஒருவர். முதுகில் பம்பைச் சுமப்பவர் மற்றொருவர். சுமப்பவர்களில் வெகுகாலம் பெரும்பாலோர் நம் தாய்மார்களே. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் கையாண்டார்கள். ஒரு மிடறு உள்ளே போனால் உயிரைக் குடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தோல் வெந்தது, நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னபோது, 'கையைக் கழுவவில்லை, அதனால்தான்' என்று பதில் சொன்னவர்கள் உண்டு. 2002ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் அதைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் பம்பு யார் முதுகில் இருந்தது?

பாராகுவாட் போய்விட்டதால் விஷமே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான வேலைமுறையை அமைத்துத் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கலாகாது. இந்த உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்வது எங்களைப் போன்ற கிராணிமார்களின் கடமை. பம்பு சுமப்பவர் இன்று பக்கத்து நாட்டிலிருந்து வந்த தோழராக இருக்கலாம். நம் பாட்டனாரும் கடல் கடந்து வந்தவர்தாம் என்பதை மறவாமல், அவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன?

முதலாவதாக, நம் வீட்டோரத்தில் கிடைக்கும் கையகல மண்ணையும் தரிசாக விடாதிருப்போம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு பாத்திக் கீரை போதும். அதில் விஷம் தெளிக்க வேண்டாம். சமையற்கட்டுக் கழிவும், காய்ந்த சருகும் அதற்கு உரம். இது சம்பளத்துக்கு மாற்று அல்ல. 'கீரை நட்டுக்கொள், சம்பளம் கேட்காதே' என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க முடியாது. உழைப்புக்குரிய கூலி உழைப்பாளியின் உரிமை. ஆனால் சமையலுக்கு வேண்டிய பாதியைத் தன் கையால் விளைவிப்பவன், வேலைநிறுத்த நாளில் மற்றவனைவிட ஒரு வாரம் கூடுதலாக நின்று தாக்குப்பிடிப்பான். பழைய போராட்டங்களைக் கண்ட பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக, மருந்தடிப்போர் ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து, என்ன ஆபத்து, என்ன பாதுகாப்பு என்பதை அவரவர் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகத்தைக் கேட்போம். கையுறையும் முகமூடியும் கிழிந்தால் மாற்றித் தரக் கேட்போம். கருவுற்ற தாய்மாரையும் பாலூட்டும் தாய்மாரையும் அந்த வேலைக்கு அனுப்பலாகாது என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மூன்றாவதாக, ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சொந்த வீடும், வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் என்னும் கோரிக்கையை ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் வைப்போம். 1990ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம், வேலையிலிருக்கும் மட்டும் தலைக்குமேல் கூரை எப்படியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. அறுபது வயதுக்குப் பின் அந்தத் தலை எங்கே போகும் என்பதுதான் நம் கேள்வி.

நான்காவதாக, நம்மிடையே இன்னும் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, எந்தப் பூச்சிக்கு எந்தத் தழை, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கட்டும். தமிழ்ப் பள்ளியில் படித்த நமக்குத் தமிழில் எழுதத் தெரியும். அதைவிடப் பெரிய பயன் அந்த எழுத்துக்கு என்ன இருக்கிறது? நம்மாழ்வாரும் தம் அனுபவத்தை 'உழவுக்கும் உண்டு வரலாறு' என்னும் நூலாக்கி வைத்துப் போனார். உழவுக்கு வரலாறு உண்டென்றால், பால்வெட்டுக்கும் உண்டு. லயத்துப் பின்புறத்துப் பாத்திக்கும் உண்டு.

பெரியோர்களே, எங்கள் பாட்டனார் போய்ச் சில ஆண்டுகள் ஆயின. அவருடைய சொத்தென்று வங்கியில் ஒன்றுமில்லை, பட்டாவும் இல்லை. சுரைக்குடுக்கை விதை மட்டும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் முளைத்துக்கொண்டிருக்கிறது. இன்று அதில் கொஞ்சம் பாகல் விதையும் புடல் விதையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். விலை பழைய விலைதான்: விளைந்ததும் ஒரு கை விதை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விதையைக் கையில் வைத்திருப்பவன் கடைக்காரனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஒற்றுமையைக் கையில் வைத்திருப்பவன் முதலாளியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. உழவர் பாட்டனார் நம்மாழ்வார் முதலாவதைச் சொல்லிக் கொடுத்தார். நம் சங்கம் இரண்டாவதைச் சொல்லிக் கொடுத்தது. இரண்டையும் நம் பிள்ளைகள் கையில் ஒப்படைப்போமாக!

உழைப்போர் ஒற்றுமை ஓங்குக!